9999 ஆட்டங்களில் பத்து

பரணைச் சுத்தம் செய்தபோது மஞ்சள் நிற வீடியோ கேம் கேசட் ஒன்று அகப்பட்டது. மேலே ஒட்டியிருந்த காகிதம் பாதி உரிந்துபோய், '9999 இன் 1', அதாவது ஒரே கேசட்டில் 9999 ஆட்டங்கள் என்ற எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. 1990களில் வீட்டில் 'டிவி கேம்' வைத்திருந்தவர்களுக்கு அந்த எண் சுத்தப் புளுகு என்பது வாங்கிய மூன்றாம் நாளே தெரிந்துவிடும். பட்டியலில் சில பக்கங்கள் தள்ளியதும் அதே மாரியோவும் அதே டாங்கியும் அதே மோட்டார் சைக்கிளும் வேறு பெயர் சூடித் திரும்ப வரும். ஒன்று மூன்றாம் கட்டத்தில் தொடங்கும், இன்னொன்று ஏழாம் கட்டத்தில். கழித்துக் கட்டி எண்ணினால் சில டஜன் ஆட்டங்கள் தேறும். சில கேசட்டுகளில் ஐந்தாறுக்கு மேல் இராது.

அந்தக் கேசட்டுக்கு அடித்துக்கொண்ட தலைமுறை இப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பழைய பெட்டி ஒன்றும் பத்துக் கேசட்டும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை பலருக்கு வந்திருக்கிறது. ஆனால் எந்தப் பத்து என்று தேடப் போனால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 'கட்டாயம் இருக்க வேண்டியவை' என்று அடுக்கும் பட்டியல்களில் பாதிப் பெயர்கள் நமக்குப் புதியவை. நாம் உயிரை விட்டு விளையாடிய டாங்கி ஆட்டமான பேட்டில் சிட்டி அவற்றில் தென்படுவதே அபூர்வம். நம் நினைவுக்கும் அவர்கள் நினைவுக்கும் இத்தனை தூரம் விழுந்ததற்கு ரசனை காரணமில்லை. கேசட்டுக்குள் இருந்த நினைவகச் சிப்பின் விலைதான் முக்கியக் காரணம்.

நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற பெட்டியை ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு வெளியிட்டது. அதையே தோற்றம் மாற்றி, என்.இ.எஸ். என்ற பெயரில் 1985 அக்டோபரில் நியூயார்க்கில் விற்கத் தொடங்கியது. நம் வீடுகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இவை இரண்டுமல்ல. தைவானிலும் பிறகு சீனாவிலும் செய்யப்பட்ட ஃபேமிகாம் நகல்கள். அசலின் சிப்புகளை முதலில் தனித்தனியாகவும், பின்னர் எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கியும் நகலெடுத்தார்கள். கேசட் சொருகும் வாயும் ஃபேமிகாமின் 60 பின், அதாவது 60 உலோகத் தொடுமுனை அளவிலேயே இருந்தது.

ஃபேமிகாமின் ஆரம்ப ஆட்டங்கள் மிகச் சிறியவை. பேட்டில் சிட்டி, எக்ஸைட்பைக், ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, லோட் ரன்னர் எல்லாம் தலைக்கு 24 கிலோபைட். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 40 கிலோபைட். வானத்து மேகத்தையும் தரைப் புதரையும் ஒரே உருவத்தில் வரைந்து, நிறத்தை மட்டும் மாற்றி இடத்தை மிச்சம் பிடித்த ஆட்டம் அது. இவை இயங்குவதற்கு நிரல் இருக்கும் ஒரு சிப்பும் படம் இருக்கும் ஒரு சிப்பும் போதும். அதற்கு மேல் பெரிய ஆட்டம் வேண்டுமென்றால், நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றிக் காட்டும் கூடுதல் சிப் கேசட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். 1988-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 அப்படிப்பட்டது. அளவு 384 கிலோபைட். அந்த ஒரு ஆட்டம் பிடிக்கும் இடத்தில் பேட்டில் சிட்டி அளவு ஆட்டங்கள் பதினாறை உட்கார வைக்கலாம்.

நகல் கேசட் செய்கிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. சிப் செலவு குறைவு, அட்டையில் போடும் எண் பெரிது, ஜப்பானிய எழுத்துத் தொல்லையும் இல்லை. பாதியில் நிறுத்திய ஆட்டத்தைச் சேமித்து வைக்க பேட்டரி கேட்கும் செல்டாவும், நாள் கணக்கில் படித்துப் படித்து விளையாட வேண்டிய டிராகன் குவெஸ்டும் அந்தக் கணக்கில் எடுபடவே இல்லை. அமெரிக்கப் பையனுக்குப் பெட்டி என்றால் செல்டா, நமக்கு டாங்கி. 1983 முதல் 1986 வரையிலான ஜப்பானை நாம் 1995-இல் விளையாடிக்கொண்டிருந்தோம்.

நாட்டுக்கு நாடு நினைவு மாறும் என்பது நின்டெண்டோவுக்கே தெரியும். 2016 நவம்பரில் அந்த நிறுவனம் 30 ஆட்டங்களை உள்ளடக்கிய சிறு பெட்டியை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவாக 22 ஆட்டங்கள். மீதி எட்டு வேறு. அமெரிக்கப் பெட்டியில் அவர்களுடைய கால்பந்தான டெக்மோ பௌல் இருந்தது, ஜப்பானியப் பெட்டியில் சுமோ மல்யுத்தம் இருந்தது. ஃபைனல் ஃபேன்டசி வரிசையில் அமெரிக்கர்களுக்கு முதலாவது, ஜப்பானியர்களுக்கு மூன்றாவது. இரண்டு பெட்டியிலும் பேட்டில் சிட்டி இல்லை. சுட்டுக்கொண்டே ஓடும் கான்ட்ரா இல்லை, அதன் தொடர்ச்சிதான் இருந்தது. நமக்காக ஒரு பட்டியல் போட்டிருந்தால் வித்தியாசம் எட்டோடு நின்றிருக்காது.

ஆகவே பிறர் பட்டியலை ஓரம் வைத்துவிடலாம். அரிய கேசட்டைத் துரத்துவதையும்தான். 2021 ஜூலையில் பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 கேசட் ஒன்று ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டு, விளையாடவே கூடாது என்று வைத்திருக்கும் பொருளுக்கு வீடியோ கேம் என்ற பெயர் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அது பங்குப் பத்திரம். சின்னச் சேகரிப்பில் ஒவ்வொரு கேசட்டும் வேலை செய்து சாப்பிட வேண்டும். நான் கேட்கும் முதல் கேள்வி, இதை அசல் கேசட்டாக வைத்திருப்பதால் கணினி நகலில் கிடைக்காத எது கிடைக்கிறது என்பது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறவரிடம் விளையாடும் கட்டையை, அதாவது கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால், விளக்கம் சொல்லாமலே இரண்டு நிமிடத்தில் அவர் விளையாடத் தொடங்குவாரா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். இரண்டுக்குமே பதில் இல்லை என்றால் அந்தக் கேசட் வேண்டாம்.

இந்தச் சோதனையில் முதலாவதாகத் தேறுவது பேட்டில் சிட்டிதான். நாம்கோ நிறுவனம் 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. அமெரிக்காவில் என்.இ.எஸ். கேசட்டாக வரவே இல்லை. ஆங்கிலப் பட்டியல்களில் அது தென்படாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். கட்டத்துக்கு இருபது எதிரி டாங்கிகள், காக்க வேண்டிய ஒரு கழுகு, சுற்றிலும் செங்கல். மொத்தம் 35 கட்டங்கள். இதன் உயிர் இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதில் இருக்கிறது. கூட்டாளியின் குண்டு நம் மேல் பட்டால் நம் டாங்கி சாகாது, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடும். எதிரி சுற்றி வளைக்கும்போது அண்ணன் வேண்டுமென்றே சுட்டு நிறுத்தி வைத்ததால் எத்தனை வீடுகளில் சண்டை மூண்டதோ! கழுகின் முன்னாலிருக்கும் செங்கலைத் தன் கையாலேயே உடைத்துவிட்டு முழிக்கிறவரும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருந்தார். சண்டைக்கும் ஒத்துழைப்புக்கும் ஒரே பொத்தான்தான் என்கிற இந்த அமைப்பு இன்றைக்கும் பழசாகவில்லை.

மோட்டார் சைக்கிள் ஆட்டமான எக்ஸைட்பைக்கை வைத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. அதில் நாமே ஓடுதளம் கட்டும் பகுதி உண்டு. அதன் பட்டியலில் 'சேவ்', 'லோட்' என்று இரண்டு வரிகள் இருக்கும். எத்தனை முறை அழுத்தியும் எதுவும் சேமிப்பாகாது. நகல் கேசட் என்பதால் பழுது என்று நினைத்திருந்தோம். உண்மையில் அசலும் அப்படித்தான். ஜப்பானில் ஃபேமிகாமுக்கென ஒரு விசைப்பலகையும், பாட்டுக் கேசட்டில் தகவலைப் பதிவு செய்யும் டேப் ரெக்கார்டரும் தனியாக விற்றார்கள். அந்த இரண்டு வரிகள் அந்தக் கருவிக்காக எழுதப்பட்டவை. அமெரிக்கப் பதிப்பில்கூட அவற்றை நீக்காமல், இவை வேலை செய்யாது என்று கையேட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். லோட் ரன்னரும் நல்ல ஆட்டம்தான், அதிலும் கட்டும் பகுதி உண்டு. ஆனால் ஒருவர் ஆடும் ஆட்டம். 1983-இல் ஆப்பிள் 2 கணினியில் பிறந்தது, கணினியில் ஆடினால் குறை ஒன்றுமில்லை. மனமில்லாமல்தான் விட்டேன்.

மாரியோவில் முதலாவதும் மூன்றாவதும் வேண்டும். முதலாவதற்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாவதில் சேமிக்கும் வசதி கிடையாது, ஆனாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒளித்து வைத்த ஊதல்களைத் தெரிந்தவர் நேரே பின்பகுதி உலகங்களுக்குத் தாவிவிடலாம்.

கான்ட்ராவை வாங்கும்போது ஜப்பானியப் பதிப்பா அமெரிக்கப் பதிப்பா என்று பார்த்து வாங்குவது நல்லது. இரண்டும் 1988-இல் வந்தவை, கதையும் கட்டங்களும் ஒன்றே. ஆனால் ஜப்பானில் கொனாமி நிறுவனம் தன் சொந்தச் சிப்பைக் கேசட்டுக்குள் வைத்தது. அதனால் முதல் கட்டத்தில் மரங்கள் காற்றில் அசையும், பனிக் கட்டத்தில் பனி பெய்யும், கட்டங்களுக்கு இடையே வரைபடமும் சிறு காட்சிகளும் வரும். அமெரிக்கப் பதிப்பில் இவற்றில் எதுவும் இல்லை. ஐரோப்பாவுக்குப் போனபோது மனிதர்களை எடுத்துவிட்டு ரோபோக்களைப் போட்டு, பெயரையும் புரோபோடெக்டர் என்று மாற்றினார்கள். மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அழுத்தி முப்பது உயிர் வாங்கும் மந்திரம் இந்த ஆட்டத்தால்தான் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது பிறந்தது 1986-இல் வந்த கிராடியஸ் என்ற ஆட்டத்தில். சோதித்துப் பார்க்கும்போது தானே தோற்றுப்போகாமலிருக்க அதை உள்ளே வைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ.

பலூன் ஃபைட் சின்ன ஆட்டம், இருவர் ஆடலாம். பலூன் கட்டிய ஆள் மிதக்கும் விதம், அதை நிரல்படுத்தியவரின் கைத்திறனைச் சொல்லும். அவர் சதோரு இவாட்டா. பின்னாளில் 2002 முதல் 2015-இல் இறக்கும் வரை நின்டெண்டோவின் தலைவர்.

மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் டெட்ரிஸில்தான் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். எல்லோரும் கொண்டாடுகிற டெட்ரிஸ், நின்டெண்டோ 1989-இல் என்.இ.எஸ்.ஸுக்காகச் செய்தது. 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் கட்டம் வரை போய், ஆட்டத்தையே உறைய வைத்த பதிப்பு அதுதான். ஃபேமிகாமில் அந்தப் பதிப்பு கிடையாது. 1988-இல் வேறு நிறுவனம் வெளியிட்ட டெட்ரிஸ்தான் உண்டு. அதில் கீழ்ப் பொத்தானை அழுத்தினால் துண்டு இறங்காது, திரும்பும். ஏ பொத்தானை அழுத்தினால் தொப்பென்று விழும். பழகிய கை பத்து வினாடியில் தோற்கும். அதற்குப் பதிலாக 1990-இன் டாக்டர் மாரியோவை எடுத்தேன். எதிரும் புதிருமாக இருவர் ஆடலாம். வீட்டில் வீடியோ கேமே பிடிக்காதவர்களும் இதற்கு மட்டும் வந்து உட்காருகிறார்கள்.

ஒரு கேசட்டை முழுக்க முழுக்கக் காதுக்காக வைத்திருக்கிறேன். காசில்வேனியா 3-இன் ஜப்பானிய மூலமான அகுமாஜோ டென்செட்சு, 1989. ஃபேமிகாமின் 60 பின்னில் ஒலிக்கென்று ஒரு வழி உண்டு. பெட்டியின் ஒலி கேசட்டுக்குள் போய்த் திரும்பும். வழியில் கேசட் தன் ஒலியைச் சேர்த்து அனுப்பலாம். கொனாமி அதில் தன் சிப்பை உட்கார வைத்து மூன்று குரல்களைக் கூட்டியது. என்.இ.எஸ்.ஸின் 72 பின் கேசட்டில் இந்த வசதி இல்லாததால் அமெரிக்கப் பதிப்பின் இசை மெலிந்துபோனது. தனி நாதஸ்வரத்துக்கும் தவில், ஒத்து எல்லாம் சேர்ந்த முழு மேளத்துக்கும் உள்ள வித்தியாசம்.

பேட்டரி உள்ளதாக ஒன்றே ஒன்று, 1993-இல் வந்த ஃபேமிகாம் கிர்பி. 768 கிலோபைட், பேட்டில் சிட்டியைப் போல 32 மடங்கு. இத்தகைய கேசட்டில் சேமிப்பைக் காப்பது உள்ளே பற்றவைத்த நாணய வடிவ பேட்டரி. முப்பது ஆண்டுக்குப் பிறகு அதில் உயிர் இருந்தால் அதிசயம். மொபைல் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார், ஆனால் கழற்றும் நொடியில் பழைய சேமிப்பு போய்விடும். முன்பு வைத்திருந்த ஜப்பானியப் பிள்ளை எதுவரை போயிருந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

வேண்டாம் என்று தள்ளியவற்றில் இரண்டுக்கு மட்டும் காரணம் சொல்கிறேன். செல்டாவின் ஃபேமிகாம் மூலம் கேசட்டே இல்லை. 1986-இல் நெகிழ்தட்டில் (ஃபிளாப்பியில்) வந்தது, கேசட்டாக 1994-இல்தான் வெளியிட்டார்கள். தட்டு ஓட்டும் கருவிக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் பிசுபிசுத்துப்போய், வாங்கியவுடன் மாற்றும் வேலையாக வரும். துப்பாக்கியால் வாத்தைச் சுடும் டக் ஹன்ட்டைத் தள்ளியதற்கு டிவிதான் காரணம். துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். பிறகு வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலிருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். பிக்சர் டியூப் டிவி கோடு கோடாக உடனுக்குடன் வரைவதை நம்பிச் செய்த ஏற்பாடு இது. எல்.சி.டி. திரை கொஞ்சம் தாமதித்துத்தான் படம் காட்டும், ஆகவே சுட்டுக்கொண்டே இருக்கலாம், ஒரு வாத்தும் விழாது. பழைய டிவி வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேசட்டை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் விழிக்கிறவர்கள் உண்டு. நம் நினைவில் இருப்பது ஃபேமிகாம் கேசட் என்பதால் ஃபேமிகாம்தான் பொருத்தம். 1983-இன் பெட்டி ஆன்டெனா வழியாக, ஜப்பானிய அலைவரிசையில் மட்டுமே படம் தரும். 1993-இல் வந்த மறுவடிவத்தில் மூன்று நிற ஏ.வி. கம்பியைச் சொருகலாம். கட்டைகளையும் கழற்றி மாட்டலாம். பழையதில் அவை பெட்டியோடு பிணைந்தவை. இழப்பது, பழைய பெட்டியின் இரண்டாவது கட்டையில் இருந்த சிறு மைக். ஜப்பானிய டிவி முறையான என்.டி.எஸ்.சி.யை ஏற்காத டிவியானால் படம் கறுப்பு வெள்ளையாகும், அல்லது உருளும். அடாப்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்கானது. நேராக நம் சுவரில் சொருகினால் புகைதான் வரும். முனையின் நேர்-எதிர் அமைப்பும் வழக்கத்துக்குத் தலைகீழ். கேசட் படிக்கவில்லை என்றால் ஊதாதீர்கள். ஊதுவது எச்சில் ஈரத்தைப் பின்னில் பூசுவதுதான். கழற்றி மாட்டும்போது தொடர்பு சரியாவதை ஊதியதன் மகிமை என்று நம்பிவிட்டோம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

பேட்டில் சிட்டி, எக்ஸைட்பைக், மாரியோ இரண்டு, கான்ட்ரா, பலூன் ஃபைட், டாக்டர் மாரியோ, அகுமாஜோ, கிர்பி என்று ஒன்பது ஆயிற்று. பத்தாவது அந்த மஞ்சள் கேசட். அசல்களின் வரிசையில் திருட்டுக் கேசட்டா என்று முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். திருட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானிலிருந்து வரவழைத்த ஒன்பதும் பிறருடைய பால்யத்திலிருந்து வந்தவை. என் வீட்டிலிருந்து வந்தது இது ஒன்றுதான்.

60 பின் என்பதால் ஃபேமிகாமில் சரியாக உட்கார்ந்தது. துடைத்துச் சொருகியதும் பட்டியல் வந்தது. மாரியோவைத் தேர்ந்தெடுத்தேன். இசை விரட்டிக்கொண்டு ஓடியது, ஆளும் நிற்காமல் ஓடினான். ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த ஆட்டங்கள் திரையில் ஒரு படம் வரைவதை ஒரு காலடியாகக் கணக்கு வைத்து ஓடுபவை. ஜப்பானில் வினாடிக்கு 60 படம். நம்முடைய 50 ஹெர்ட்ஸ் டிவி முறைக்காகச் செய்த நகல் பெட்டியில் 50 படம். சிறுவயது முழுக்க ஆறில் ஒரு பங்கு மெதுவான மாரியோவை விளையாடி, அதைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நம்பியிருந்தேன். ஜப்பானியப் பெட்டியில் அவன் தன் சொந்த வேகத்தில் ஓடினான். முதல் குழியிலேயே விழுந்தேன்.